படலையில் நின்ற சுருபம்

மாலை ஐந்து மணி பத்து. முதலில் கண்ணில் பட்டது படலைக்கு வெளியே ஒரு நீல முக்காடு. அதன் பின்னால் இன்னும் சில முக்காடுகள். நடுவில், வெள்ளைத் துணி சுற்றிய மாதா சுருபம்.

நான் வெளிக்கிட்டு வாசலில் நின்றேன். கையில் பை. பைக்குள் அடையாள அட்டையும் ஒரு மாற்று உடுப்பும் இருந்தன. பிள்ளையின் உடுப்பு ஒன்றும் இல்லை. பிள்ளை உள்ளே கட்டிலில், இரண்டு தலையணைகளுக்கு நடுவில் கத்திக்கொண்டிருந்தான். தலைமன்னாரிலிருந்து மன்னாருக்குப் போகிற பஸ் ஐந்தரைக்கு எங்கள் வாசலைக் கடக்கும். அதில் ஏறுவதென்று மத்தியானமே முடிவெடுத்திருந்தேன். இறங்கி எங்கே போவதென்று யோசிக்கவில்லை.

என் கணவர் முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டு, அங்கேயே தங்கி மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்தார். அம்மா தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து இன்னும் திரும்பவில்லை. மச்சாள் மத்தியானம் சோறு தந்துவிட்டுப் போவாள். பிள்ளை பிறந்து மூன்று கிழமை. அவன் பால் குடித்தபோதும் அழுதான், குடிக்காதபோதும் அழுதான். பத்திரிகையில் பிறர் வீட்டுத் துன்பங்களை எழுதிய எனக்கு, என் வீட்டில் நடப்பதைச் சொல்ல ஒரு வசனம் வரவில்லை.

செபமாலை மாதத்தில் சுருபம் வீட்டுக்கு வீடு போகும். ஒரு வீட்டில் ஒரு இரவு. பிள்ளை பிறந்த வீட்டை, துடக்கு என்று விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அன்று அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் அடம்பனுக்குச் சாவீட்டுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் என் படலையில் நின்று சண்டை பிடித்தார்கள்.

“திருப்பிக் கோயிலுக்கே கொண்டுபோவம்.”

“இந்த வெயிலுக்க திரும்பவோ? எனக்கு முழங்கால் ஏலாது.”

“இஞ்ச துடக்கெல்லோ, அக்கா?”

“மாட்டுக் கொட்டிலுக்க பெத்தவவுக்கு என்னடி துடக்கு? படலையைத் திற.”

கடைசியாகச் சொன்னவர் நீல முக்காட்டுக்காரி. கடற்கரையில் கருவாடு போடுகிறவர், எங்கள் பகுதிக்குச் செபம் சொல்லிக் கொடுப்பவர். முற்றத்தைக் கடந்து வந்தார். என் உடுப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார். உள்ளே பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார்.

“எங்க வெளிக்கிட்டனீ?”

“மன்னாருக்கு.”

“பிள்ளை?”

அவர் கையிலிருந்த சுருபத்தை என் பக்கம் நீட்டினார். “பிடி. ரெண்டு கையாலயும் பிடி, விழுந்திடும்.”

அதைப் பிடிக்க நான் பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அவர் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார். தெருவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. மற்றப் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுருபம் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. பஸ் நின்றது, யாரோ இறங்கினார்கள், போய்விட்டது.

அவர் என் காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். “என்ர மூத்தவன் பிறந்த நேரம் நான் கிணத்தடியில போய் நிண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாளைக்கு மிட்வைஃப் மிஸ்ஸிட்ட ரெண்டு பேருமாப் போவம். ஓமோ?”

“ஓம்” என்றேன். பிறகு, “அக்கா, எனக்குச் செபிக்க வருகுதில்லை. கன நாளா.”

“ஆர் உன்னைச் செபிக்கச் சொன்னது? உனக்கும் சேர்த்துச் சொல்லத்தானே இத்தனை வாய் வந்திருக்கு. நீ போய்ப் படு.”

“அவ குறட்டை விட்டால், அக்கா?” என்றாள் ஒருத்தி.

“விடட்டும். நீ கோயிலில விடுற குறட்டையை ஆண்டவர் பொறுக்கிறார்தானே.”

சுருபத்தை அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். பிள்ளை கை மாறிக் கை போனான். செபமாலையின் இரண்டாவது மந்திரம் தொடங்கியதுவரை எனக்கு நினைவிருக்கிறது. விழித்தபோது பை வைத்த இடத்திலேயே இருந்தது. நீல முக்காட்டுக்காரி கதிரையில் இருந்தார், பிள்ளை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கிளினிக்குக்குப் போய் வந்தோம். பின்னேரம் அவர்கள் செபமாலையோடு திரும்பவும் வந்தார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள்.

சுருபம் அந்த மாதம் முடியும்வரை எங்கள் வீட்டில் இருந்தது.