பார்ட்னர் மாமா

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது என் மாமாவுக்குத் தில்லியில் நஜஃப்கர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டம் இருந்தது. வகுப்பில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் முதலாளி வேறொருவர். ஓசூரில் பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்துப் பழகிய கை என்று மாமாவை அங்கிருந்து வரவழைத்திருந்தார்கள். மருந்தடிப்பது, கவாத்து செய்வது, பூ அறுப்பது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு வரும்போது, காம்பு குட்டையாகி விலை போகாத பூக்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார். அதில் பாதி என் தோழிகளுக்குப் போகும். ஓசியில் பூ வாங்குகிறவர்கள் தோட்டம் யாருடையது என்று குறுக்கு விசாரணை செய்வதில்லை.

அந்த மே மாதம் அடித்த ஆந்தியில், தில்லிக்கே உரிய அந்தப் புழுதிக்காற்றில், தோட்டத்துப் பசுமைக்குடிலின் கூரைத்தாள் கிழிந்தது. அதை இழுத்துக் கட்ட இரும்புச் சட்டத்தில் ஏறிய மாமா விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து எங்கள் ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். முதலாளி ஒரு தடவை ஆப்பிள் வாங்கி அனுப்பியதோடு சரி. வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு தரச் சட்டம் இருக்கிறது என்று அப்பா அலைந்து விசாரித்து மனு போட்டார். கால் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மாமாவுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. இதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. விடுமுறையில் எனக்குக் கேரம் போர்டுதான் கவலை.

ஒரு நாள், அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். மாமாவுக்கு ஹிந்தியில் அச்சாவைத் தவிர எதுவும் தெரியாது. எனக்கோ ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் தடுமாறும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் நான். கேரம் ஆட வந்திருந்த தோழி பக்கத்தில் நின்றாள். வாரம் தவறாமல் ரோஜா வாங்கியவள்.

பெயர், ஊர், விழுந்த விதம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்:

"பேட்டா, யே வஹாங் மஜ்தூரி கர்தே தே?"

அங்கே கூலிவேலை செய்தாரா என்கிறார். தோழி என்னைப் பார்த்தாள்.

"நஹீ அங்கிள், பார்ட்னர் ஹை," என்றேன்.

"என்னாவாம் பாப்பா?" என்றார் மாமா.

"அங்க என்ன பண்றீங்கன்னு கேக்கறாங்க. சொல்லிட்டேன்."

"அச்சா, அச்சா," என்று மாமா அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் எழுதி நீட்டிய காகிதத்தில், காட்டிய இடத்தில் தமிழில் நிதானமாகக் கையெழுத்தும் போட்டார். மாலையில் அம்மாவிடம், "உம் பொண்ணு இன்னா ஹிந்தி பேசுதுக்கா! வந்தவரே அசந்துட்டாரு," என்று பூரித்துப் போனார்.

பார்ட்னருக்கு நஷ்டஈடு கிடையாது. முதலாளியின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். மாமா கூலியாள்தான் என்று நிரூபிக்க அப்பாவுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கூட வேலை செய்த பீகார்க்காரர் ஒருவர், தன் வேலை போனாலும் போகட்டும் என்று சாட்சி சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. அதுவரை மாமா எங்கள் ஹாலில் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தார்.

அந்த வரி வெளியே வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்பா அந்த விசாரணைக் காகிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டி, "யாரு இப்படிச் சொன்னது?" என்று கத்தினார். மாமா ஒரு நொடி என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் மச்சான் சொன்னேன். கூலின்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. கெத்தா இருக்கட்டுமேன்னு சொல்லிட்டேன்."

அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நான் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்கு ஓடினேன். ஹிந்தியில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாதவர் அதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று அப்பா ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.