மார்கழிப் பனியில ஸ்டார்ட் ஆகாத காரு

மார்கழி பொறந்துட்டா கோயில் ஸ்பீக்கருக்கு முன்னாடி என் போன் கத்தும். இண்டூர்ல கார் மெக்கானிக் பொழப்பு அப்படிங்க. பழைய டீசல் காரை வச்சிக்கிட்டு காலங்காத்தால செல்ஃப் அடிச்சே ஓஞ்சு போறவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

மஞ்சள் லைட்டு

தக்காளி வியாபாரி ஒருத்தர் காரு உறுமுது, ஆனா புடிக்கல. சாவியத் திருப்பினதும் மஞ்சள் லைட்டு எரியும், ஹீட்டர் பிளக் இஞ்சினைச் சூடு பண்ணுது, அது அணையற வரைக்கும் பொறுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பொறுத்து அடிச்சதும் ஒரே செல்ஃப்ல எடுத்துருச்சு. அவருக்கு அப்பவும் மனசு ஆறல.

"மண்டிக்கு லேட்டாவுது, லைட்டுக்கெல்லாம் நான் கைகட்டி நிக்கணுமாங்க?"

புது பேட்டரி

எங்க தெரு ஸ்டெல்லாவ நான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன். அதோட வூட்டுக்காரரு குவைத்துல டிரைவர். அவரு காரு ஷெட்டுல சும்மா நிக்குது. எப்ப வந்தாலும் வண்டி ரெடியா இருக்கணும்னு போன மார்கழியில புது பேட்டரி போடச் சொல்லுச்சு. போட்ட கொஞ்ச நாள்லயே அதுவும் படுத்துருச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. விசாரிச்சா, தெனமும் காலையில ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுட்டு அணைச்சிடுமாம்! குளிர்ல ஸ்டார்ட் பண்ண பேட்டரியில நெறய இழுக்கும், அதுக்குள்ள திரும்ப ஏறாது; ஒண்ணு அரை மணி நேரம் ஓட்டு, இல்ல வயரைக் கழட்டி வைன்னு சத்தம் போட்டேன்.

"அவரு இருந்தா இந்நேரம் வண்டிய எடுப்பாருண்ணா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அடுப்பு பத்த வெக்கவே தோணுது."

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்

தங்கச்சி வயரைக் கழட்டல. ஓட்டப் பழகி, லைசென்ஸே வாங்கிருச்சு. இந்தக் கிறிஸ்மஸுக்கு அவரு வர்றாரு, ஃப்ளைட்ல எறங்கி ரயில்ல வர்றவரை தருமபுரி ஸ்டேஷன்ல இருந்து தானே ஓட்டிக் கூட்டிட்டு வரணும்னு அம்புட்டு ஆசை. அன்னிக்குப் பனின்னா பனி. கூப்பிடாமயே நான் போய் நின்னேன். மஞ்சள் லைட்டு அணைஞ்சுது, வண்டி ஒரே செல்ஃப்ல எடுத்துருச்சு. தங்கச்சி பட்டுச்சேலையில உக்காந்திருக்கு. அப்பத்தான் அவருகிட்ட இருந்து போன் வந்துச்சு. நேத்தே ஃப்ளைட் ஏறியிருக்கணும், மொதலாளி கடைசியில லீவு இல்லைன்னுட்டாராம். சொல்ல மனசு வராம ராத்திரி பூரா வச்சிருந்திருக்காரு. வண்டிய அணைக்கலாம்னு சாவிக்குக் கைய நீட்டினேன்.

"அணைக்காதீங்கண்ணா. அரை மணி நேரம் ஓட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க, ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

பிளக் மாத்துவேன், பேட்டரி மாத்துவேன். லீவு குடுக்காத மொதலாளிய மாத்தற ஸ்பேர் மட்டும் எந்தக் கடையிலயும் கெடைக்க மாட்டேங்குதுங்க.