பக்கவாதப் பயிற்சித் தளத்துக்கு நான் போட்ட மூன்று பூட்டு

"அக்கா, இதை மலையாளத்துல எழுதிக் குடுத்தா எங்க மேல கேஸ் வருமா?"

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து ஷைனி என்ற நர்ஸ் போனில் இப்படிக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். கேஸ் போடும் அளவுக்கு என் வெப்சைட் பெரிய ஆளாகிவிட்டதே என்ற பெருமை வேறு.

நாகர்கோவிலில் டி.டி.பி. சென்டர் வைத்து, கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்து, பிறகு வெப்சைட் செய்யப் பழகியவள் நான். பிசியோதெரபிஸ்ட் ஜெபமணி அக்கா, பக்கவாதம் வந்தவர்கள் வீட்டிலேயே செய்யவேண்டிய பயிற்சிகளைத் தானே எழுதி, தானே படம் வரைந்து என்னிடம் கொண்டுவந்தார்.

"யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும் பிள்ளே. நாலு பேருக்கு உபகாரமாட்டு இருந்தாப் போரும்" என்றார்.

"சும்மா விட்டா களவாண்டுருவானுவ அக்கா. லைசென்ஸ் ஒண்ணு போடணும்" என்றேன், ரொம்பத் தெரிந்தவள் மாதிரி. நம் படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் என்ற பெயரையே அந்த வாரம்தான் கேள்விப்பட்டிருந்தேன். அதில் ஆறு வகை. வாசித்துப் பார்த்தேனா? இல்லை. எதில் நிபந்தனை அதிகமோ அதுதான் உசத்தி என்று முடிவுசெய்தேன். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், வியாபாரத்துக்குக் கூடாது, மாற்றி வெளியிடக் கூடாது. தளத்தின் அடியில் அந்தச் சின்னத்தை ஒட்டியதும் பாதி வக்கீல் ஆகிவிட்ட மிதப்பு எனக்கு.

ஷைனி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவள். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டீபன் அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. தினமும் கைக்குப் பயிற்சி கொடுக்கவேண்டியவர் அவர் மனைவி லீலா. லீலாவுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். அண்ணனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் வாசித்துச் சொல்ல வாய் வராது.

"வாரத்துக்கு ஒருக்கா போய்ச் செஞ்சு காட்டுகேன் அக்கா. அடுத்த நாளே அவியளுக்கு மறந்துருது. மலையாளத்துல எழுதிக் குடுக்கலாம்னா, மாத்தப்பிடாதுன்னு போட்டிருக்கு. மொழிபெயர்த்தாலும் அது மாத்துறதுதானாம். எங்க ஆபீஸ்ல வேண்டாம்னுட்டாவ. அனுமதி கேட்டு உங்க வெப்சைட்டுலயே எழுதினேன். ரெண்டு மாசமாச்சு."

தொடர்புப் பக்கத்துக்கென்று ஒரு மெயில் ஐ.டி. உருவாக்கியிருந்தேன். உருவாக்கியதோடு சரி. அன்றுதான் திறந்தேன். ஷைனி மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்றாவதில் தொந்தரவுக்கு மன்னிப்பு வேறு.

அந்தப் பதற்றத்திலேயே இணையத்தில் தேடினேன். விளம்பரம் போட்டுக் காசு பார்க்கும் ஒரு தளம் எங்கள் பக்கங்களை அப்படியே தூக்கி வைத்திருந்தது. ஜெபமணி அக்கா பெயர் இல்லை. மாற்றக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் அந்தக் களவாணி அட்சரம் பிசகாமல் மதித்திருந்தான். என் எழுத்துப்பிழைகள்கூட அப்படியே இருந்தன.

ஜெபமணி அக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"ஏட்டி, நான் சொன்னதென்ன, நீ செஞ்சு வச்சிருக்கதென்ன? உனக்க லைசென்சைத் தூக்கித் தூரப் போடு!"

போட்டேன். பெயரைச் சொன்னால் போதும், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம் என்கிற வகையை வைத்தேன். இந்தத் தடவை கடைசி வரி வரை வாசித்தேன்.

மறுவாரம் களியக்காவிளைக்குப் போனேன். ஷைனி எழுதிய மலையாளத் தாள் கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்தது. லீலா அதைப் பார்த்துப் பார்த்து அண்ணனின் கையைத் தூக்கினார். தோள் உயரம் வருமுன்பே அண்ணன் வலியில் முகத்தைச் சுளித்துவிட்டார்.

"தோளு இறுகிப்போச்சு" என்றாள் ஷைனி. "முன்னமே தினமும் செஞ்சிருந்தா இவ்வளவுக்கு வந்திருக்காது. இனி பைய பையத்தான் இளகும்."

லீலா என்னைக் காட்டி, "இவியளா இதை எழுதினது?" என்று கேட்டார். ஷைனி நல்ல பிள்ளை. "வெப்சைட் இவியளுக்கதாக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். லீலா கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெட்கத்தில் என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, களவாணி லைசென்ஸை வாசிக்கவே மாட்டான். அதை வாசித்து, அதற்குப் பயந்து, நம்மிடம் கேட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பவள் ஷைனிதான். அவளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.