வெண்ணெய் படாத கை

பதினொரு வருடமாக, தோலை வெடிக்கவைக்கும் வறண்ட ஹர்மத்தான் காற்று வீசும் மாதங்களில் பொக்குவாவின் கையில் வெண்ணெய் பட்டதில்லை. கானாவின் குமாசி ஊரே ஷியா கொட்டையில் எடுத்த வெண்ணெயைத் தோலில் பூசிக்கொண்டு மினுங்கும். அவள் மட்டும் வெடித்த விரல்களோடு ஆய்வகத்துக்குப் போவாள்.

“முதலை வருது, வழி விடுங்க” என்பாள் வாசலில் கெங்கே என்ற சோள மாவு உருண்டை விற்கிறவள்.

“முதலைக்கு ரெண்டு கெங்கே குடு. மிளகாய் தூக்கலா.”

எலும்பில் பொருத்தும் டைட்டானிய வில்லையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் ஓரம் எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று கேமராவில் அளப்பது அவள் வேலை. சொட்டு படர்ந்தால் எலும்பு ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. முத்தாக நின்றால் இல்லை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் பட்டாலும் அளவு பொய்யாகிவிடும்.

பேராசிரியர் அடோமாக்கோவின் புதுப் பூச்சு ஏறிய வில்லைகளில் பன்னிரண்டுதான் மிச்சம். பூச்சு மருந்தும் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுக்குப் பணம் தருகிறவர்களிடம் நல்ல அளவு போய்ச் சேராவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள்.

வியாழன் காலை அவள் விரல் வெடிப்புகளில் ரத்தம் கசிந்தது. தங்கை அச்சியா கையைப் பிடித்து இழுத்து வெண்ணெயைத் தேய்த்துவிட்டாள்.

“ரத்தம் சொட்டச் சொட்டப் போயி எதக்கா அளப்ப? தோலு குடிச்சிரும், விடு.”

பொக்குவா விட்டாள். ஆய்வகத்தில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். வெறுங்கையால் கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டினாள். வெடித்த விரலில் இடுக்கி நிற்கவில்லை. கையுறை விரலாலேயே பன்னிரண்டு வில்லைகளையும் வரிசையாக எடுத்து வைத்தாள்.

முதல் சொட்டு முத்தாக நின்றது. எழுபத்தெட்டு டிகிரி. அடுத்தது எண்பத்தொன்று. மூன்றாவதை அளக்கும் முன்பே கையுறையை மூக்கருகே கொண்டுபோனாள். வெண்ணெய் வாசம்.

“பூச்சுல குத்தமில்ல, புரொஃபசர். என் கைதான்.”

“கழுவிட்டு அளக்க முடியாதா?”

“எண்ணெய் போற அளவுக்குக் கழுவினா பூச்சும் போயிரும்.”

அவர் கேமராத் திரையை அணைத்தார். “கெட்டுப்போச்சு, அளவு இல்லன்னு எழுதி அனுப்பறேன். பூச்சு சரியில்லன்னாலும் அளவு இல்லன்னாலும் பணம் குடுக்கறவங்களுக்கு ஒண்ணுதான், பொக்குவா.”

அடுத்த மாதம் ஆய்வகத்துக்குப் பூட்டு விழுந்தது. காற்று இன்னும் ஓயவில்லை. அச்சியா வெண்ணெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

“பூசு” என்று பொக்குவா இரண்டு கைகளையும் நீட்டினாள். “இனி எதுக்குக் காய வைக்கணும்?”