கொதித்த வேல்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாலை, மலேசியாவில் ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்துத் திடலுக்குச் சுகாதாரத் துறையின் வேன் வந்தது. பந்தாட்டம் நின்றது. செம்பனைகளுக்கு நடுவே வெள்ளைத் திரை எழும்பியது. அதில் மரத்தின் உயரத்துக்கு ஓர் ஊசி நின்றது. அதிகாரி மலாயில் பேசப் பேச, தோட்டத்தில் கணக்கெழுதும் எங்கள் கிராணி தமிழில் சொன்னார். எய்ட்ஸ் என்று ஒரு நோய் வந்திருக்கிறது. ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்குக் குத்தினால் இரத்தத்தின் வழியே பரவும். சேர்ந்து சாப்பிட்டால் பரவாது, ஒரே டம்ளரில் குடித்தாலும் பரவாது.

கூட்டம் கலைந்தது. அம்மா மட்டும் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின வருடம் நான் காய்ச்சலில் கிடந்தபோது, மகன் பிழைத்தால் கன்னத்தில் அலகு குத்துவான் என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டவர் அவர். திருவிழாவுக்கு நான்கே நாள். கோயிலில் இருந்ததோ ஒரே ஒரு வெள்ளி வேல். ஒருவர் நேர்த்திக்கடனை முடித்ததும், பூசாரி அதை எலுமிச்சம்பழத்தால் துடைத்து அடுத்தவர் கன்னத்தில் ஏற்றுவார். குத்தினால் நோய் பயம், குத்தாவிட்டால் ஆத்தா பயம். நடுவில் என் கன்னம்.

மறுநாள் அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசியை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு வந்தார். திருவிழாவன்று உறுமி முழங்க, நான் ஈர வேட்டியோடு நிற்க, அவர் ஒரு குண்டானும் மண்ணெண்ணெய் அடுப்புமாகக் கோயிலுக்குள் நுழைந்தார்.

"வேலைக் குடுங்க பூசாரி. இருபது நிமிஷம் கொதிக்கணும்."

"ஏம்மா, ஆத்தா மேல நம்பிக்கை இல்லையா?"

"ஆத்தா மேல நிறைய இருக்குங்க. முன்னாடி குத்திக்கிட்ட ஆளு மேலதான் இல்ல."

அந்த ஆள் பக்கத்திலேயே, கன்னத்தில் விபூதியை அப்பியபடி நின்றிருந்தார். தாய்லாந்து எல்லை வரை லோரி ஓட்டுபவர். ஊரில் இருக்கும் நாளெல்லாம் லயத்து வரிசையில் எங்கள் வீட்டில்தான் அவருக்குத் தேநீர்.

"என்னையாக்கா சொல்றீங்க?"

"யாரு நின்னாலும் இதேதான்லா. என் மவன் முன்னாடி குத்தியிருந்தா உனக்கும் கொதிக்க வச்சிருப்பேன்."

"அப்ப இனிமே எனக்கு உங்க வீட்டு டீ கிடையாது." சிரித்தபடிதான் சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை.

"டம்ளர்ல வராதுன்னும் வேன்ல வந்தவங்கதானே சொன்னாங்க. பாதியிலயே எழுந்து போயிட்டியா? நாளைக்கு வா."

பூசாரி முணுமுணுத்துக்கொண்டே வேலைக் குண்டானில் இறக்கினார். தண்ணீர் கொதித்தது. என்ன நினைத்தாரோ, மேலே இரண்டு வேப்பிலையைப் போட்டு மணியடித்தார். அதுதான் வினையாயிற்று. வேலை வெளியே எடுத்த கையோடு, பத்துப் பதினைந்து பேர் தீர்த்தத்துக்குக் கை நீட்டி வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"குடிக்காதீங்க, அது வேல் கழுவுன தண்ணி," என்று அம்மா குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடி, வாழை மரத்தடியில் கொட்டினார்.

வேல் என் கன்னத்தில் இறங்கியபோது இளஞ்சூடாக இருந்தது. வலியை விட அந்தச் சூடுதான் நினைவில் நிற்கிறது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி, உதட்டுக்குள் ஆத்தாவிடம் கணக்குத் தீர்ந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் லோரிக்காரர் வந்தார், வாசலிலேயே தயங்கினார். அம்மா வழக்கமான டம்ளரிலேயே ஊற்றி நீட்டினார். கன்னம் வீங்கிய இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, வாயை ஒரு பக்கமாகச் சாய்த்து, சிந்தச் சிந்தத் தேநீர் குடித்தோம்.