பின்புறம் தடவிப் பார்ப்பவர்

மருதமுனையில் துண்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள் நாங்கள் அசர் தொழுகைக்குப் பின் கூடுவோம். மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிய மூத்த பெண் ஒருவரும் வருவார். எந்தத் துணியையும் பின்புறம் பெருவிரலால் தடவிய பிறகே பேசுவார்.

மௌத்தான உம்மா எனக்கு விட்டுப்போன துணிச் சதுரங்களை ஒருநாள் கொண்டுபோனேன். மஞ்சள் பூப்போட்ட ஒன்றில் அவர் விரல் நின்றது.

"தங்கச்சி, சுனாமில போகக்குள்ள என்ட மகள் போட்டிருந்த சட்டை இது. அவட மையத்து கிடைக்கல்ல."

"டெய்லர் கடை வெட்டுத்துணியா இரிக்கும் ராத்தா. உம்மா அங்கதான் வாங்குவா."

"ஓம்" என்று திருப்பித் தந்தார். அதன்பின் அவர் வரவில்லை.

வீட்டில் அந்தச் சதுரத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையல் மடிப்புக்குள், பொத்தான் போட்டுப்போட்டுத் தேய்ந்த துளை ஒன்று இருந்தது. வெட்டுத்துணியில் பொத்தான் துளை இருக்காது. அவர் விரல் நின்றதும் அங்கேதான்.