மேசைமேல் இருந்த சிப்

கதை விடுகிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் இது 2002 அக்டோபரில், கல்கத்தாவில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

அலிப்பூர் பக்கம் ஒரு அரசுச் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. நாம் எழுதித் தருகிறபடி நடந்துகொள்ளும் சிப்கள் உண்டு. கடையில் கிடைக்கும் அந்த மாதிரி சிப்பைச் செயற்கைக்கோளில் ஏற்றினால் தாங்குமா என்று பார்க்க வேண்டும். விண்வெளியில் கதிர்வீச்சு அதிகம். அது பட்டால் சிப்பின் நினைவில் எண்கள் புரண்டுவிடும். அதனால் ஒரு சிப்பை ஈயக் கதவு போட்ட அறைக்குள் வைத்துக் கதிர் பாய்ச்சுவோம். அதே ரகத்தில் இன்னொன்றை வெளியே மேசைமேல் சும்மா வைத்திருப்போம். உள்ளே இருப்பது தவறு காட்டலாம். வெளியே இருப்பது காட்டவே கூடாது.

துர்கா பூஜை வந்தால் வங்காளிகள் எல்லாரும் லீவு போட்டுவிடுவார்கள். கதிர் அறை காலியாகக் கிடக்கும். எனக்கும் என் ஜூனியர் பிரிட்டோவுக்கும் அப்போதுதான் அது கிடைக்கும்.

பிரிட்டோ தூத்துக்குடிக்காரன். பெஹாலாவில் குடியிருந்தான். சிப் சப்ளை செய்தது அவன் மச்சானின் கம்பெனி. இரண்டு நாளாக உள்ளே வைத்த சிப்பில் தவறு பூஜ்யம். வெளியே இருந்ததில் நூற்றுக்கணக்கில். கதிர் பாய்ச்சி முடிந்ததும் இவன்தான் இரண்டையும் மாற்றி வைக்கிறான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். நம்பிக் கையெழுத்துப் போட்டு, நாளைக்குச் செயற்கைக்கோள் செத்துப்போனால் என் தலைதான் உருளும்.

அஷ்டமி அன்று காலை 9.00. அவன் வருவதற்கு முன்பே, மனைவி ஷோபனாவின் நகப்பூச்சால் வெளிச் சிப்பின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அது காய்ந்த பிறகு உள் சிப்பை நானே கொண்டுபோய் வைத்தேன். அதில் புள்ளி இல்லை.

மதியம் 2.05.

"பிரிட்டோ, பூஜைப் பந்தல்ல போய் பிரசாதக் கிச்சுரி வாங்கிட்டு வா. பசிக்குது."

"சரி சார்."

அவன் போனதும் வெளிக் கதவைத் தாழிட்டேன். கதிர் அறையின் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாவி இல்லாமல் கதிர் வராது. திரையில் இரண்டு சிப்பின் தவறுக் கணக்கையும் பூஜ்யமாக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

தூரத்தில் டாக் மேளம். அறையில் மின்விசிறிச் சத்தம்.

2.20. வெளிச் சிப்... 1.

சாவியைத் தொட்டுப் பார்த்தேன். பையில்தான் இருந்தது.

2.26. ஒன்பது.

2.33. நூற்று இரண்டு.

உள் சிப்... பூஜ்யம்.

டக்.

கதிர் வரும்போது கேட்கும் அதே சத்தம்.

2.41. நானூற்றுப் பதினேழு. அதோடு நின்றது.

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது... யாரோ எழுந்த மாதிரி.

ஈயக் கதவைத் திறந்தேன்.

உள் சிப்பின் மேல் சிவப்புப் புள்ளி.

தொட்டேன். விரலில் ஒட்டியது.

ஈரம்.

ஓடி வந்து மேசையைப் பார்த்தேன். அங்கேயும் என் புள்ளி. காய்ந்து, அப்படியே.

2.58-க்குக் கிச்சுரியோடு வந்து கதவைத் தட்டினான் பிரிட்டோ. தாழைத் திறந்தேன்.

"நீதானே பண்ணின?"

"எதை சார்? இன்னிக்கு நான் உள்ளயே போகலையே. நீங்கதானே வச்சீங்க."

எனக்குப் பயம். அதை ஒத்துக்கொள்வதைவிட அவனைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. அன்று மாலையே மேலிடத்துக்குப் புகார் எழுதினேன்.

டிசம்பரில் அவனைச் சஸ்பெண்ட் செய்து உத்தரவு வந்தது. மறுநாள் என்னை நிர்வாகப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். கிளார்க் ஜெகன் ஃபைலை நீட்டினார்.

"பழைய புகார் ஒண்ணும் இதுலயே இருக்கு சார். ரெண்டும் ஒரே மாதிரி."

1993. இராஜமாணிக்கம் என்ற எஞ்சினியர் மேல் அவருடைய அதிகாரி எழுதியது. அதிலும் என் புகாரின் அதே வரிகள்: சாவி என் பையில் இருந்தது. இரண்டு சிப்பிலும் சிவப்புப் புள்ளி. 2.41. நானூற்றுப் பதினேழு.

அடியில் வேறு கையெழுத்தில் ஒரு குறிப்பு. 'சஸ்பெண்ட் உத்தரவு கிடைத்த மறுநாள் இராஜமாணிக்கம் வீட்டிலிருந்து அலுவலகம் கிளம்பினார். வந்து சேரவில்லை. தேடியும் கிடைக்கவில்லை.'

பிரிட்டோ வீட்டுக்கு போன் போட்டேன். அவன் மனைவி மேக்னா எடுத்தாள்.

"காலைல எட்டு மணிக்கே கிளம்பிட்டாரே சார். உங்களைத்தான் பாக்கணும்னு சொன்னாரு... அங்க வரலையா?"

வரவில்லை.

இன்றுவரை.